ஆப்பிரிக்கக் கிராமத்தில் தொழிற்பயிற்சி நிலையம்: திட்டமிடும் முறை

ஒருவனுக்குத் தொழிலைக் கற்பிப்பது வேறு. கற்ற தொழிலால் அவன் வாழ வழி செய்வது வேறு. இவ்விரண்டும் ஒன்றே என்று கருதித் தொடங்கப்பெற்ற பயிற்சி நிலையங்கள் பல, சில ஆண்டுகளிலேயே பயனற்றுப் போயின. திறப்பு விழாவின் கல்வெட்டு சுவரில் இருக்கும். உள்ளே தையல் இயந்திரங்கள் துருவேறிக் கிடக்கும். அங்குப் பயின்ற இளைஞரோ நகரத்து வீதிகளில் வேலை தேடி அலைவர். பணம் செலவாயிற்று, நல்லெண்ணத்திற்கும் குறைவில்லை. குறைந்தது ஒன்றே ஒன்று. அதுதான் முன்கூட்டிப் போட வேண்டிய கணக்கு.

தறியிலும் வயலிலும் உழைக்கும் நமக்கு இச்செய்தி எளிதில் விளங்கும். நெய்த துணிக்கு வாங்குவோர் இல்லையெனில் நெசவாளியின் திறமை அவன் வயிற்றை நிரப்பாது. ஆப்பிரிக்காவின் கிராமங்களில் தொழிற்பயிற்சி நிலையம் அமைக்க முனைந்தவர்கள் இதே உண்மையைப் பெரும் விலை கொடுத்துக் கற்றனர். அவர்களுடைய அனுபவத்திலிருந்து, இத்தகைய நிலையம் ஒன்றை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரச்சினையின் தோற்றம்

1960-ஆம் ஆண்டையொட்டி ஆப்பிரிக்க நாடுகள் பல விடுதலை பெற்றன. புதிய அரசுகள் முதற்காரியமாகத் தொடக்கப் பள்ளிகளைப் பெருக்கின. ஆனால் உயர்நிலைப் பள்ளிகளில் இடம் மிகக் குறைவு. ஆகவே ஆண்டுதோறும் திரளான சிறுவர் சிறுமியர் தொடக்கக் கல்வியோடு வெளியே நின்றனர். எழுதப் படிக்கக் கற்றுவிட்டமையால் ஆடு மாடு மேய்க்க அவர்களுக்கு மனமில்லை. அலுவலகத்தில் அமரப் போதிய படிப்பும் இல்லை. தந்தையின் தொழிலை விட்டனர்; வேறு தொழிலைப் பற்றவும் வழியில்லை. இந்த நிலை இன்றும் பல நாடுகளில் தீர்ந்தபாடில்லை.

இதற்கு விடை தேடிய முயற்சிகளுள் இரண்டு ஊன்றிக் கவனிக்கத் தக்கவை. ஒன்று, தென் ஆப்பிரிக்கப் பகுதியிலுள்ள போட்சுவானாவின் பணிப்படைகள். மற்றொன்று, கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யாவின் கிராமப் பாலிடெக்னிக்குகள்.

செரோவேயில் தொடங்கிய முயற்சி

போட்சுவானா கடற்கரையில்லாத நாடு. அதன் பெரும்பகுதி கலஹாரி என்னும் வறண்ட நிலம். 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் விடுதலை பெறும் வரையில் அது பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் காப்பு நாடாக இருந்தது. அந்நாட்டின் பெருங்கிராமங்களுள் ஒன்று செரோவே. மூன்றாம் காமா என்னும் புகழ்பெற்ற தலைவர் 1902-இல் தம் மக்களான பாமங்குவாட்டோ இனத்தாரின் தலைநகரை அங்கு நிறுவினார்.

பாட்ரிக் வான் ரென்ஸ்பர்க் என்பவர் தென்னாப்பிரிக்க அரசின் வெளிநாட்டுத் தூதரகப் பணியில் இருந்தவர். நிறவெறிக் கொள்கையைப் பொறாது 1957-இல் பதவியைத் துறந்தார். நாட்டை விட்டு வெளியேறிய அவர், பின்னர் செரோவேக்கு வந்து, 1963-இல் சுவானெங் குன்றுப் பள்ளி என்னும் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். பணம் போதவில்லை. ஆகவே ஆசிரியரும் மாணவருமே மண் சுமந்து, கல் அடுக்கி வகுப்பறைகளைக் கட்டினர்.

பள்ளி வளர்ந்தது. ஆனால் அதில் இடம் பெற்றவர் சிலரே. இடமின்றித் திரும்பியவர் பலர். அவர்களுக்காக 1965-இல் கட்டட வேலையாளர் பணிப்படை ஒன்று தொடங்கப்பட்டது. அதன் அமைப்பு எளிமையானது. தொடக்கப் பள்ளி முடித்த இளைஞர் தேர்ந்த கொத்தனாரின் கீழ்ச் சேர்ந்து வாரத்தில் பெரும்பாலான நாட்கள் உண்மையான கட்டட வேலையில் ஈடுபடுவர்; எஞ்சிய நேரத்தில் கணக்கு, மொழி, தொழில் வரைபடம் ஆகியவற்றைக் கற்பர். அவர்கள் கட்டிய கட்டடத்திற்கு உரிய கூலி பணிப்படைக்கு வரும். அதிலிருந்தே பயிற்சிச் செலவு ஈடுசெய்யப்பட வேண்டும் என்பது கொள்கை. இதனைத் தொடர்ந்து தச்சு, வேளாண்மை, நூற்பு நெசவு, தோல் பதனிடுதல், இயந்திரப் பழுதுபார்த்தல் முதலிய தொழில்களுக்கும் பணிப்படைகள் தோன்றின. நாட்டின் பிற ஊர்களுக்கும் இம்முறை பரவியது. செரோவேயில் நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை அமைவதிலும் வான் ரென்ஸ்பர்க் முன்னின்று உழைத்தார் என்பது நம் உறுப்பினர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி.

உழைப்பின் விளைவே கல்வியின் செலவைத் தாங்க வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் உயிர்நாடி அதுவே. அவ்வெண்ணத்திற்கு வித்திட்ட மண்ணும் ஆப்பிரிக்க மண்ணே. 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுள் தமிழரும் இருந்தனர். காந்தியடிகளின் நண்பர் ஹெர்மன் காலன்பாக் துறவியர் மடம் ஒன்றுக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்து, பண்ணையிலிருந்தவர்களுக்கு அதனைக் கற்பித்தார். பிள்ளைகளின் படிப்பும் கைவேலையும் அங்கே ஒன்றாகவே நடந்தன.

செரோவே தந்த பாடங்கள்

செரோவே முயற்சி உலகின் பாராட்டைப் பெற்றது. 1981-இல் வான் ரென்ஸ்பர்க்குக்கு ஸ்வீடன் நாட்டின் நல்வாழ்வுரிமைப் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் நாம் கற்க வேண்டியவை அதன் வெற்றியில் மட்டும் இல்லை, இடர்ப்பாடுகளிலும் உள்ளன. அவை மூன்று.

முதலாவது, எல்லாத் தொழிலும் தன் செலவைத் தானே தாங்கவில்லை. புதிய நாட்டில் பள்ளிகளும் வீடுகளும் அலுவலகங்களும் எழும்பிக்கொண்டிருந்தமையால் கட்டட வேலைக்குத் தேவை இருந்தது. ஆகவே அப்பணிப்படை நிலைத்தது. வேளாண்மையின் நிலை வேறு. வானம் பொய்த்தால் உழைப்பின் பலன் மண்ணோடு போய்விடும். ஒரு தொழிலில் கண்ட கணக்கை மற்றொரு தொழிலுக்கு அப்படியே பொருத்துவது பிழை.

இரண்டாவது, உற்பத்தியும் பயிற்சியும் ஒன்றையொன்று இழுத்தன. வருவாய் வேண்டுமெனில், ஓர் இளைஞன் நன்கு பழகிய வேலையையே மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். செங்கல் அடுக்கக் கற்றவன் செங்கல்லே அடுக்கிக்கொண்டிருந்தால் வேலை விரைந்து முடியும். ஆனால் அவன் கூரை போடவோ, வரைபடம் பார்க்கவோ, செலவு மதிப்பிடவோ கற்கமாட்டான். பயிற்சியே முதன்மை என்று வைத்தாலோ வேலை தாமதமாகும், பொருள் வீணாகும், வீடு கட்டச் சொன்னவர் முகம் சுளிப்பார். தராசின் இரு தட்டுகள் போன்றவை இவை.

மூன்றாவது, மதிப்பின் ஏற்றத்தாழ்வு. உயர்நிலைப் பள்ளி மாணவரும் பணிப்படை இளைஞரும் ஒரே ஊரில் அருகருகே பயின்றனர். முன்னவருக்கு உத்தியோகம் காத்திருந்தது. பின்னவருக்குச் சுத்தியலும் கரண்டியும். பள்ளியில் இடம் கிடைக்காதவர்க்கு இது இரண்டாந்தர ஏற்பாடு என்ற எண்ணம் இளைஞர் மனத்தில் தைத்தது. உழைப்பின் உயர்வைப் பற்றிய சொற்பொழிவு எதுவும் இந்தக் கசப்பைத் துடைக்கவில்லை.

பிற்காலத்தில் போட்சுவானா அரசு பயிற்சி பெறுவோரின் எண்ணிக்கைக்கேற்ப மானியம் அளித்தது. ஆங்காங்கே ஊர்மக்களின் அறக்கட்டளைகள் பணிப்படைகளை நடத்தி வந்தன. நிர்வாகமும் பணமும் தளர்ந்தமையால், 2000-ஆம் ஆண்டுக்குப் பின் அரசே அவற்றைத் தன் பொறுப்பில் ஏற்றது.

கென்யாவின் கிராமப் பாலிடெக்னிக்குகள்

1963 டிசம்பரில் விடுதலை பெற்ற கென்யாவிலும் இதே கேள்வி எழுந்தது. பள்ளிப் படிப்பு முடிந்த பின் என்ன என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு, அந்நாட்டுக் கிறிஸ்தவ சபைகளின் தேசிய மன்றம் 1966-இல் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதன் விளைவாகத் தோன்றியவையே கிராமப் பாலிடெக்னிக்குகள். பெயர் பெரிது, அமைப்போ மிகச் சிறிது. எளிய கொட்டகை, உள்ளூர்த் தச்சர், கொத்தர், தையற்காரர் ஆகியோரே ஆசிரியர். பயில்வோர் அண்டை வீட்டுப் பிள்ளைகள். ஹராம்பே, அதாவது அனைவரும் சேர்ந்து இழுப்போம் என்னும் கென்ய மக்களின் முழக்கத்திற்கேற்ப ஊரார் கல்லும் மரமும் உழைப்பும் ஈந்தனர்.

நகரத்து வேலைக்கு ஆள் தயாரிப்பதன்று, தம் ஊரிலேயே தொழில் நடத்தும் ஆற்றலைத் தருவதே இந்நிலையங்களின் நோக்கம். ஆகவே தேர்வும் சான்றிதழும் முதன்மையாகக் கருதப்படவில்லை. ஆனால் பெற்றோர் கேட்டதென்ன? சான்றிதழ். பிள்ளைகள் விரும்பியதென்ன? அரசாங்கத் தொழில்தேர்வில் தேறி நகரத்தில் நிலையான சம்பளம் பெறுவது. காலப்போக்கில் பாடத்திட்டம் தேர்வை நோக்கித் திரும்பியது. ஊரின் தேவை பின்னுக்குச் சென்றது.

இதற்காகப் பெற்றோரைக் குறை கூறுவது முறையன்று. ஃபிலிப் ஃபாஸ்டர் என்னும் சமூகவியல் அறிஞர் கானா நாட்டை ஆராய்ந்து 1965-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதனைத் தெளிவாக்கினார். மாணவர் எழுத்தர் வேலையை நாடுவது பாடத்திட்டத்தின் குறையால் அன்று. எழுத்தர் வேலையில் வருவாய் மிகுதி என்பதால்தான். உழவிலும் கைத்தொழிலிலும் வருவாய் உயராத வரையில், பள்ளியில் உளி பிடிக்கக் கற்பித்துவிட்டதால் மட்டும் எவரும் தச்சராகிவிடமாட்டார் என்பது அவர் கருத்து. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணும் ஏழைத் தந்தை போடுகிற கணக்கு, திட்டம் தீட்டுவோர் போடும் கணக்கைவிடப் பல வேளைகளில் சரியானதாகவே இருக்கிறது.

இனித் திட்டமிடும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி: ஊரைக் கணக்கெடுத்தல்

கட்டடத்தின் வரைபடத்திற்கு முன் ஊரின் வரைபடம் தேவை. ஊரில் எத்தனை வீடுகள்? ஆண்டுதோறும் பள்ளியை விட்டு நிற்போர் எத்தனை பேர்? அவருள் பெண்கள் எத்தனை? ஏற்கெனவே தொழில் செய்வோர் யார்? வெளியூரிலிருந்து ஊரார் காசு கொடுத்து வாங்கும் பொருள்கள் யாவை? எந்த வேலைக்காக வெளியூர் ஆளை அழைக்கிறார்கள்? தண்ணீர் எங்கே, சாலை எங்கே, மின்சாரம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். இது விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டதே. ஓர் ஊரில் 800 வீடுகள் உள்ளன. வீடு வீடாகச் சென்று கேட்டதில், ஆண்டுக்கு 40 குடும்பத்தார் கூலி கொடுத்து வீடு கட்டவோ பெரிதாகப் பழுதுபார்க்கவோ கூடியவர் எனத் தெரிகிறது. நான்கு பேர் கொண்ட குழு ஒரு மாதத்தில் ஒரு வீட்டை முடிக்கும். உழவுக் காலம் நீங்கலாக ஆண்டுக்குப் 10 வீடுகள். அப்படியானால் 40 வீடுகளுக்கு நான்கு குழுக்கள், அதாவது 16 பேர் போதும். ஊரில் ஏற்கெனவே 6 கொத்தர் இருக்கின்றனர். எனவே புதிதாக இடமிருப்பது 10 பேருக்கே. நிலையமோ ஒரு முறைக்கு 20 பேரைப் பயிற்றுவிப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் அணி வெளியேறும்போதே 10 பேர் மிஞ்சிவிடுவர். இரண்டாம் அணி முழுவதும் மிச்சமே. பத்து ஆண்டுகளுக்குக் கொத்து வேலை கற்பிக்கும் நிரந்தரக் கட்டடத்தை இவ்வூருக்கு எழுப்புவது அறிவுடைமையாகுமா? "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்னும் பழமொழி இங்கே பொருந்தும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. ஒன்று, தொழில்கள் பலவாகவும், ஒவ்வொன்றிலும் சேர்க்கை சிறிதாகவும் இருக்க வேண்டும். இரண்டு, நிலையம் தன் தொழில்களைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றிக்கொள்ள வல்லதாக அமைய வேண்டும். இன்று கொத்தும் தச்சும். நாளை நீரேற்றும் பொறியும் சூரிய ஒளி மின்தகடும் பழுதுபார்க்கும் வேலை. ஆகவே கொட்டகை பொதுவானதாகவும், கருவிகள் இடம் மாற்றத்தக்கனவாகவும் இருப்பது நலம்.

இரண்டாம்படி: சந்தையை அறிந்து தொழிலைத் தெரிதல்

நெசவை எடுத்துக்கொள்வோம். கானா நாட்டில் குமாசிக்கு அருகேயுள்ள பொன்வீரே என்னும் ஊர் கெந்தே துணிக்குப் பெயர் பெற்றது. சுமார் நான்கு அங்குல அகலமுள்ள பட்டைகளாக நெய்து, அவற்றை இணைத்துத் தைத்துப் பெரிய துணியாக்குவர். அங்கே தந்தையிடமும் மாமனிடமும் பிள்ளைகள் தொழில் கற்கின்றனர். இத்தகைய ஊரில் நெசவுப் பள்ளி தொடங்கிப் பாவோட்டக் கற்பிப்பது வீண் வேலை. அவர்களுக்கு நூலும் சாயமும் நியாய விலையில் கிடைக்கச் செய்தல், கணக்கு எழுதக் கற்பித்தல், விற்பனைக்கு வழி திறத்தல் ஆகியவையே உதவி.

போட்சுவானாவில் நிலைமை நேர்மாறானது. கூடை முடைவதிலும் தோல் வேலையிலும் வல்ல அம்மக்களுக்குத் தறி நெசவு மரபு இல்லை. ஆயினும் கபரோன் நகருக்கருகே ஊடி என்னும் கிராமத்தில் 1973-இல் ஸ்வீடன் நாட்டுத் தம்பதியரான பேடர், உல்லா கொவேனியஸ் ஆகியோர் நெசவு நிலையம் ஒன்றைத் தொடங்கினர். கிராமத்துப் பெண்களே பெரும்பாலும் சேர்ந்தனர். கம்பளி நூலில் தம் ஊரின் வாழ்வையும் வரலாற்றையும் சித்திரமாக நெய்தனர். தொழிலாளரே பின்னர் நிலையத்தை ஏற்று நடத்த வேண்டும் என்பது தொடக்கத்திலேயே வகுத்த திட்டம். நெய்தவை வெளிநாட்டினரிடையே விலை போயின. ஆனால் சுவரில் தொங்கவிடும் சித்திரத் துணியை ஊரார் வாங்குவதில்லை. தொலைவிலுள்ள வாடிக்கையாளரின் விருப்பம் மாறினால் தறி நின்றுவிடும். தொலைச் சந்தையை நம்பும் தொழிலுக்கு விற்பனை ஏற்பாடு தொழிற்பயிற்சிக்கு இணையான முதன்மை உடையது.

அரசின் ஆணையால் உண்டாகும் சந்தை மூன்றாவது வகை. புர்க்கினா ஃபாசோ பருத்தி விளையும் நாடு. ஆனால் விளைந்ததில் மிகப் பெரும்பகுதி பஞ்சாகவே வெளிநாடு செல்கிறது. 1983 முதல் 1987 வரை அந்நாட்டை ஆண்ட தாமஸ் சங்கரா, அரசு ஊழியர் உள்நாட்டுப் பருத்தியில் கையால் நெய்த ஃபாஸோ டான் ஃபானி என்னும் துணியை அணிய வேண்டுமெனப் பணித்தார். நெசவுப் பெண்களுக்கு வேலை பெருகியது. 1987 அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார், ஆட்சி மாறியது, கட்டாயம் தளர்ந்ததும் தேவையும் குறைந்தது. ஆணை தரும் சந்தை ஆணையோடு போகலாம். அது நீடிக்கும் காலத்திற்குள் மக்களின் விருப்பத்தைப் பெற்றுவிட வேண்டும்.

மூன்றாம்படி: பருவத்தை ஒட்டிய கால அட்டவணை

போட்சுவானாவின் கிராமக் குடும்பத்திற்கு மரபாக மூன்று இருப்பிடங்கள் உண்டு. ஊரிலே வீடு, தொலைவில் பயிர் நிலம், அதற்கும் அப்பால் மாட்டுப்பட்டி. நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். அப்போது குடும்பம் வயலுக்குப் பெயர்ந்துவிடும். அந்நாட்களில் வகுப்புக்கு வா என்றால் இளைஞன் வரமாட்டான். வந்தால் வீட்டில் உழவு தவறும்.

பயிற்சிக்குக் கட்டணமில்லை என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் ஏழைக் குடும்பம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பிள்ளையின் உழைப்பைத் துறப்பதே பெரும் கட்டணம். மாடு மேய்க்க வேறு ஆளை வைக்க வேண்டும்; அல்லது தங்கையின் படிப்பை நிறுத்த வேண்டும். ஆகவே உழவுக் காலத்தில் விடுமுறை, உணவும் சிறு உதவித்தொகையும், பெண்கள் வந்து போகத்தக்க நேரமும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். இவற்றைச் சலுகை என்று கருதலாகாது, இவையே அடித்தளம்.

நான்காம்படி: ஆசிரியர்

சான்றிதழ் பல பெற்று, தொழில் நடத்தி அறியாதவரைவிட, கடன் வாங்கி மரம் வாங்கி, மேசை செய்து விற்று, நட்டமும் லாபமும் கண்ட தச்சரே சிறந்த ஆசிரியர். மேற்கு ஆப்பிரிக்க நகரங்களில் இன்றும் பெரும்பாலான இளைஞர் தொழில் கற்பது பள்ளியில் அன்று. தேர்ந்த தொழிலாளியின் பட்டறையில்தான். கென்யாவில் திறந்த வெளியில் தகரம் அடித்தும் இரும்பு வளைத்தும் பிழைப்போரை ஜுவா காலி என்பர். சுவாகிலி மொழியில் சுடுவெயில் என்று பொருள். இவர்களைப் போட்டியாளராகக் கருதாமல் துணையாகக் கொள்வது நிலையத்திற்கு நன்மை. அவர்கள் அறியாத வரைபடம், அளவை, கணக்குப் பதிவு ஆகியவற்றை அவர்களுக்கும் சேர்த்துக் கற்பிக்கலாம்.

ஐந்தாம்படி: இரண்டு கணக்குகள்

செரோவேயின் அனுபவத்திலிருந்து பெறும் நடைமுறைப் பாடங்களுள் தலையாயது இது. நிலையத்திற்கு இரண்டு பேரேடுகள் வேண்டும். ஒன்று உற்பத்திக் கணக்கு, மற்றொன்று பயிற்சிக் கணக்கு. தேர்ந்த தச்சர் இரண்டு நாளில் முடிக்கும் கதவைப் பயில்பவன் ஐந்து நாளில் முடிக்கிறான். ஒரு பலகையையும் கெடுக்கிறான் என்று கொள்வோம். கதவுக்குச் சந்தை விலைக்கு மேல் எவரும் தரமாட்டார். மிகுதியான மூன்று நாளும் கெட்ட பலகையும் யார் கணக்கில் எழுதப்பட வேண்டும்? அவை கல்வியின் செலவு. அச்செலவைப் பொதுநிதியோ அரசு மானியமோ ஏற்பதே நியாயம். உயர்நிலைப் பள்ளியில் இடம் பெற்ற மாணவனுக்குப் பொதுப்பணம் செலவாகும்போது, இடம் பெறாதவன் மட்டும் தன் கல்விக்குத் தானே உழைத்துக் கட்ட வேண்டும் என்பது எவ்வாறு நீதியாகும்?

இரு கணக்கையும் ஒன்றாகக் கலந்தால் நட்டம் எங்கே என்று தெரியாது. நட்டத்தை மூட உற்பத்தியை முடுக்குவர், பயிற்சி தேயும். பிரித்து எழுதினால், உற்பத்தி தன் கால்களில் நிற்கிறதா என்பதையும், ஒருவரைப் பயிற்றுவிக்க உண்மையில் என்ன செலவாகிறது என்பதையும் நிர்வாகக் குழு மாதந்தோறும் காணலாம்.

ஆறாம்படி: வெளியேறும் நாளுக்குப் பின்

பயிற்சியின் கடைசி நாளே தொழிலின் முதல் நாள். அன்று இளைஞனின் கையில் என்ன இருக்கிறது? சான்றிதழ் மட்டும் இருந்தால் அவன் பேருந்து ஏறி நகரம் செல்வான். கருவிப் பெட்டி இருந்தால் ஊரில் தங்குவதைப் பற்றி எண்ணிப் பார்ப்பான். ஆகவே பயிற்சிக் காலத்தில் அவன் ஈட்டியதில் ஒரு பங்கை அவன் பெயரில் சேமித்து, முடிவில் கருவிகளாகக் கொடுப்பது நல்ல முறை. போதாததற்குத் தவணைக் கடன் அளிக்கலாம்.

இங்கேதான் கூட்டுறவின் பங்கு வருகிறது. தனித்து நிற்கும் இளம் தச்சருக்கு மரம் மொத்த விலையில் கிடைக்காது. பெரிய வேலைக்கு ஒப்பந்தம் கிடைக்காது. அவ்வாறு பயின்ற ஐந்தாறு பேர் சேர்ந்து சங்கம் அமைத்தால், மூலப்பொருளை ஒன்றாக வாங்கலாம். விலையுயர்ந்த இயந்திரத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட மேசை நாற்காலி போன்ற பெரிய வேலைகளை ஏற்கலாம். ஆனால் சங்கத்தைக் கடைசி நாளில் திடீரெனத் தோற்றுவித்தல் பயன் தராது. கூட்டம் நடத்துதல், தீர்மானம் எழுதுதல், இருப்புச் சரிபார்த்தல், பங்கு பிரித்தல் ஆகியவை பயிற்சியின் பகுதியாகவே முதலாண்டு முதல் நடைபெற வேண்டும். உளியைப் போலவே பேரேடும் ஒரு கருவியே.

செரோவேயில் 1969-இல் போய்த்தெக்கோ என்ற பெயரில் ஏழை மக்கள் ஒன்று கூடி, தோட்டம், மட்பாண்டம் முதலிய தொழில்களைக் கூட்டாக நடத்தித் தம் உழைப்பையும் பண்டங்களையும் தமக்குள் பரிமாறிக்கொள்ள முயன்றனர். நோக்கம் உயர்ந்தது, நடத்துவதோ கடினமாக இருந்தது. நல்ல நோக்கம் மட்டும் கணக்கருக்கும் மேலாளருக்கும் ஈடாகாது என்பதை அது காட்டிற்று.

ஏழாம்படி: பொறுப்பு யாருடையது?

ஊரார் கேட்காத நிலையம் ஊராருடையதாகாது. வெளிநாட்டு நிதியில் எழுந்து, வெளிநாட்டு மேலாளரால் நடத்தப்பட்டு, அவர் திரும்பிச் சென்றதும் சாய்ந்த நிலையங்கள் ஆப்பிரிக்காவில் உண்டு. இதனைத் தவிர்க்க, நிர்வாகக் குழுவில் ஊர்ப் பெரியோர், பெற்றோர், தொழிலாளர், பெண்கள், பயில்வோரின் பிரதிநிதி ஆகியோர் தொடக்கம் முதலே இடம்பெற வேண்டும். வெளியூர் வல்லுநர் எவரேனும் வந்தால், அவர் இடத்தை எந்த ஆண்டில் எந்த உள்ளூரார் ஏற்பர் என்பது முதல் நாளே எழுதப்பட வேண்டும். வெளிநிதி எந்த ஆண்டில் எவ்வளவு குறையும் என்பதும், அதற்கு ஈடு எங்கிருந்து வரும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

முடிவுரை

நிலையத்தின் வெற்றியை எவ்வாறு அளப்பது? எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்ற எண்ணிக்கை அறிக்கைக்கு அழகு தரும், உண்மையைத் தராது. பயின்று வெளியேறி மூன்று ஆண்டுகளுக்குப் பின், அத்தொழிலைக் கொண்டே குடும்பம் நடத்துவோர் எத்தனை பேர் என்பதே சரியான அளவுகோல். அந்த எண்ணிக்கையை ஊரறிய ஆண்டுதோறும் படிக்கத் துணியும் நிலையமே தன் பிழைகளைத் திருத்திக்கொள்ளும்.

அகல உழுவதினும் ஆழ உழுவதே நன்று என்பது உழவர் கண்ட உண்மை. நூறு பேருக்கு இடமுள்ள பெரிய மாளிகையைவிட, பத்துப் பேர் பயின்று, பத்துப் பேரும் தம் ஊரிலேயே தலைநிமிர்ந்து வாழ வைக்கும் கொட்டகை மேலானது. வான் ரென்ஸ்பர்க் 2017-இல் மறைந்தார். சுவானெங் குன்றின் அடியில் அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை. பள்ளியில் இடமின்றித் திரும்பும் பிள்ளைக்கு நாம் என்ன வழி வைத்திருக்கிறோம்? அப்பிள்ளையின் இரண்டு ஆண்டுகளே அவன் குடும்பத்தின் மூலதனம். பிறர் மூலதனத்தைப் பெற்றுத் தொழில் நடத்துவோர் எவ்வளவு கவனத்தோடு கணக்குப் பார்க்க வேண்டுமோ, அவ்வளவு கவனத்தோடு பயிற்சி நிலையத்தைத் திட்டமிட வேண்டும்.